இசட் டிரைவ் எனக்குத் திறக்கிறது, பேக்கப்புக்கு ஏன் திறக்கவில்லை?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் நான்கு கம்ப்யூட்டர், எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் சேமிக்க ஒரு நாஸ் பெட்டி. டேலி டேட்டாவும் பில், ஆர்டர் ஃபைல்களும் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. தினமும் இரவு 11 மணிக்குப் பேக்கப் மென்பொருள் அவற்றை நாஸில் எடுத்து வைக்கும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்பதால் விண்டோஸ் 11 ப்ரோ உள்ள புது கம்ப்யூட்டர் வாங்கி, அதே மென்பொருளைப் போட்டோம். அன்றிலிருந்து பேக்கப் ஓடவில்லை. நாஸின் ஃபோல்டருக்குக் கொடுத்திருக்கும் இசட் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் "பாதை கிடைக்கவில்லை, பிழை எண் 3" என்று மென்பொருளின் பதிவேடான லாகில் வருகிறது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த மாதிரி நாஸின் ஐபி முகவரியைப் போட்டால் பிழை எண் 1272. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்கிறது. எங்கள் கடையில் அப்படி ஒரு கொள்கையும் கிடையாது. நான் இசட் டிரைவை டபுள் கிளிக் செய்தால் உடனே திறக்கிறது, ஃபைல் போடவும் எடுக்கவும் முடிகிறது. சர்வீஸ் செய்பவர் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தார், நாஸ் ஃபோல்டரில் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. வேறு மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மென்பொருள் கெட்டுப்போனதற்கான அடையாளம் எதுவும் இல்லை. புதிதாக வாங்கினாலும் அதுவும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் தடுப்பது விண்டோஸ்.

அதை விளக்குவதற்கு முன்னால் ஒரு வேலை. புது கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து உங்கள் கடைக் கணக்குக்கு இரண்டாவது பிரதி இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்று மாலை கடை மூடும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் டேலியை மூடிவிட்டு, டேட்டா ஃபோல்டரையும் பில் ஃபோல்டரையும் ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்கில் கையாலேயே காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதும் டிஸ்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். மற்ற எதையும் அதற்கப்புறம் தொடலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் டபுள் கிளிக் செய்யும்போது நாஸுக்குப் போவது நீங்கள். இரவு 11 மணிக்குப் போவது நீங்கள் இல்லை. பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸ் சர்வீஸாக, அதாவது பின்னணியில் ஓடுகின்றன. யாரும் லாகின் செய்யாமல் இருந்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த சர்வீஸ் வழக்கமாக லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கின் பெயரில் ஓடும். உங்கள் கம்ப்யூட்டருக்குள் அதற்கு உங்களைவிட அதிகாரம் அதிகம். நெட்வொர்க்கில் அதை யாருக்கும் தெரியாது. முதலாளியிடம் குடோன் சாவி இருக்கிறது என்பதற்காக இரவுக் காவலாளி குடோனைத் திறந்துவிட முடியாது, அவர் கையில் ஒரு சாவி கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கதையும் அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்தால் நீளமான ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் பேக்கப் மென்பொருளின் பெயர் உள்ள வரியைக் கண்டுபிடியுங்கள். கடைசியில் லாக் ஆன் ஆஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே லோக்கல் சிஸ்டம் என்று இருந்தால் நான் சொல்வது உறுதி.

இப்போது பிழை எண் 3. இசட் என்ற டிரைவ் எழுத்து கம்ப்யூட்டருக்குச் சொந்தமானது என்று பலரும் நினைக்கிறார்கள். சி டிரைவ் அப்படித்தான். நெட்வொர்க் டிரைவ் அப்படி இல்லை. அது லாகின் செய்தவருடைய அமர்வுக்கு மட்டும் சொந்தம். நீங்கள் லாகின் செய்யும்போது உங்களுக்காக உருவாகிறது, வெளியேறும்போது போய்விடுகிறது. லோக்கல் சிஸ்டம் கண்ணுக்கு இசட் என்று ஒரு டிரைவே கிடையாது. அதனால் பாதை கிடைக்கவில்லை என்று சொல்கிறது, அது சொல்வது உண்மை.

அப்படியானால் செட்டிங்ஸில் இசட் டிரைவ் எப்படித் தெரிந்தது, தேர்ந்தெடுக்க முடிந்தது என்று கேட்பீர்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் திறக்கும் செட்டிங்ஸ் ஜன்னல் உங்கள் பெயரில் ஓடுகிறது, அதற்கு இசட் தெரியும். வேலை செய்யும் சர்வீஸ் வேறு பெயரில் ஓடுகிறது, அதற்குத் தெரியாது. சில மென்பொருள்களில் உள்ள டெஸ்ட் பட்டனும் அந்த ஜன்னலோடு சேர்ந்து உங்கள் பெயரிலேயே சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று பச்சை டிக் போட்டுவிடும். அந்த டிக்கை நம்ப வேண்டாம். வேலையை ஒரு முறை முழுதாக ஓடவிட்டு, லாகைப் பார்த்தால்தான் தெரியும்.

இதே விஷயம் இன்னொரு வேடத்திலும் வரும். ஒரு புரோகிராமை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்தால், அது உங்கள் பெயரிலேயே ஓடினாலும் தனி அமர்வாகக் கணக்காகும். அதற்குள்ளும் இசட் டிரைவ் காணாமல் போகும். நெட்டில் தேடினால் இதற்கு ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றச் சொல்வார்கள். அது உங்களுடைய இரண்டு அமர்வுகளை இணைக்கும், அவ்வளவுதான். சர்வீஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உங்கள் விஷயத்தில் அதைத் தொட வேண்டியதே இல்லை.

அடுத்து 1272. நிறுவனக் கொள்கை என்று வருவதைப் பார்த்துத் திகைத்துப் போயிருக்கிறீர்கள். அந்த வாசகம் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. அதன் அர்த்தம் இது: கதவைத் திறந்தது நாஸ், ஆனால் பாஸ்வேர்டு கேட்காமல் கெஸ்ட் கணக்கில் திறந்தது, அப்படித் திறந்த கதவுக்குள் நான் போகமாட்டேன் என்று விண்டோஸ் மறுக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், உங்கள் பழைய கம்ப்யூட்டரில் எப்படி ஓடியது என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

அங்கே மென்பொருள் ஐபி முகவரி வழியாகப் போயிருக்கிறது. கையில் பாஸ்வேர்டு எதுவும் இல்லை. உங்கள் நாஸ், தெரியாத ஆள் வந்தால் கெஸ்ட் என்று உள்ளே விடும்படி அமைந்திருக்கிறது. விண்டோஸ் 10 ப்ரோ அதை ஏற்றுக்கொண்டது. ஆக, இத்தனை நாளும் உங்கள் பேக்கப் கெஸ்டாகத்தான் போய்வந்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 இறுதியில் வந்தது. அதிலிருந்து ப்ரோவிலும் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. கூடவே, நெட்வொர்க்கில் ஃபைல் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையில் சைனிங்கும் கட்டாயமாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கும் நாஸுக்கும் நடுவே போகும் ஒவ்வொரு தகவலிலும் ஒரு முத்திரை இருக்க வேண்டும், வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த முத்திரைக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, எனவே முத்திரையும் இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி மாறிய சின்ன அலுவலகங்கள் பலவற்றில் இதே பிரச்சினையைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் மாறியதும் பேக்கப் நின்றது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் இசட் டிரைவ் ஏன் திறக்கிறது என்பதும் இப்போது புரியும். புது கம்ப்யூட்டரை அமைத்தவர் நாஸின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு முறை அடித்து, ஞாபகம் வைத்துக்கொள் என்று டிக் செய்திருப்பார். அது விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் உங்கள் பெயருக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அங்கே இருப்பதை உங்களைத் தவிர வேறு கணக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது, லோக்கல் சிஸ்டம் உட்பட.

இனி சரிசெய்வது. நாஸின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், பேக்கப்புக்கென்றே ஒரு புது யூசரை உருவாக்குங்கள். பெயர் காப்பாளர் என்று வைத்துக்கொள்வோம், நிஜத்தில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒன்று வையுங்கள். நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். நிர்வாகி அதிகாரம் கொடுக்காதீர்கள். பேக்கப் போய்ச் சேரும் அந்த ஒரு ஷேரில், அதாவது நாஸ் பகிரும் ஃபோல்டரில் மட்டும் படிக்க, எழுத அனுமதி. வேறு எந்த ஃபோல்டரும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு மென்பொருளில், போய்ச் சேரும் இடத்தில் இசட் என்பதை அழித்துவிட்டு முழுப் பாதையை அடியுங்கள். \\192.168.1.50\பேக்கப் என்ற மாதிரி இருக்க வேண்டும், முகவரியும் பெயரும் உங்களுடையவை. நாஸுக்கு ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் முகவரி மாறி, மறுபடியும் பேக்கப் நிற்கும்.

பெரும்பாலான மென்பொருள்களில் பாதைக்குப் பக்கத்திலேயே யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் இடம் இருக்கும். சிலவற்றில் அது அட்வான்ஸ்டு பகுதிக்குள் இருக்கும். அங்கே புது யூசரைக் கொடுங்கள். வெறும் காப்பாளர் என்று அடித்தால் சில நேரம் விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரை முன்னால் ஒட்டி அனுப்பிவிடும், நாஸ் அப்படி ஒருவரைத் தெரியாது என்று சொல்லிவிடும். அதனால் நாஸின் பெயரைச் சேர்த்து, கடைநாஸ்\காப்பாளர் என்ற வடிவில் அடிப்பது நல்லது. இந்த ஒரு பேக்ஸ்லாஷுக்காக அரை நாள் போன இடங்கள் உண்டு.

உங்கள் மென்பொருளில் பாஸ்வேர்டு கேட்கும் இடமே இல்லை என்றால் வேறு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் சேர்த்துவிடுங்கள். சர்வீசஸ் பட்டியலில் பேக்கப் சர்வீஸைத் திறந்து, லாக் ஆன் பகுதியில் லோக்கல் சிஸ்டத்துக்குப் பதில் இந்த யூசரைக் கொடுத்து, சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓடவிடுங்கள். இரண்டு பக்கமும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருப்பதால் நாஸ் ஏற்றுக்கொள்ளும். ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும், சர்வீஸிலும் மாற்ற வேண்டும். மறந்தால் சர்வீஸ் 1069 என்ற எண்ணைக் காட்டிக் கிளம்பாமலே நின்றுவிடும். முதல் வழி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், பராமரிப்பு குறைவு.

மென்பொருள் சர்வீஸாக இல்லாமல் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடுகிறது என்றால், அந்த டாஸ்க்கைத் திறந்து பாருங்கள். லாகின் செய்யாவிட்டாலும் ஓடு என்பதற்குக் கீழே, பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை மட்டுமே கிடைக்கும் என்று அங்கேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. அந்த டிக் இருக்கும்வரை நாஸுக்குப் போக முடியாது.

இதற்கப்புறம் வேறு எண் வந்தால் பயப்படாதீர்கள், எண் மாறினால் ஒரு படி முன்னேறியிருக்கிறோம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 1326 வந்தால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. 5 வந்தால் உள்ளே போய்விட்டது, அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை. 53 வந்தால் நாஸையே எட்ட முடியவில்லை, அப்போதுதான் கேபிள், முகவரி, ஃபயர்வால், 445 என்ற போர்ட் இவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு 53 வரவே இல்லை. 1272 வந்தது என்றாலே நாஸ் வரை போய்ப் பேசிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஃபயர்வாலை அணைத்தது வீண் வேலை என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

1219 என்று வந்தால் அது வேறு சங்கதி. ஒரே அமர்விலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு வேறு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. மென்பொருள் உங்கள் அமர்விலேயே ஓடும் வகையாக இருந்து, இசட் டிரைவ் ஏற்கெனவே வேறு பெயரில் இணைந்திருந்தால் இது வரும். இசட் டிரைவைத் துண்டித்துவிட்டால் தீர்ந்தது. துண்டிக்க முடியாது என்றால் ஒன்றுக்கு நாஸின் பெயரையும் மற்றொன்றுக்கு ஐபி முகவரியையும் பயன்படுத்துங்கள், விண்டோஸ் இரண்டையும் வெவ்வேறு சர்வர்களாக எடுத்துக்கொள்ளும்.

பேக்கப் ஆரம்பித்துப் பாதியில் 64 என்று அறுந்தால், அது அனுமதிப் பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகிறதா, வைஃபையில் ஓடுகிறதா என்று பாருங்கள். பேக்கப் எடுக்கும் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கேபிள் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் சர்வீஸ் செய்பவர் மாற்றியவற்றைப் பற்றி. அவர் நல்லெண்ணத்தில் செய்திருப்பார், ஆனால் இரண்டையும் இன்றே பழையபடி ஆக்குங்கள். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். நாஸ் ஃபோல்டரில் எல்லோருக்கும் கொடுத்த முழு அனுமதியை எடுத்துவிடுங்கள், கெஸ்ட் கணக்கையே முடக்கிவிடுங்கள். கெஸ்டை மறுபடி அனுமதிக்க விண்டோஸில் ஒரு பாலிசியை மாற்றலாம், சைனிங்கை அணைத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும், உண்மைதான். ஆனால் கடையின் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்குப் பிரதியைப் படிக்கலாம், அழிக்கலாம் என்ற நிலைக்கு அது திரும்பக் கொண்டுபோய்விடும். இதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

நாஸ் மிகப் பழையதாக இருந்து எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் என்றால் நிலைமை வேறு. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற தீம்பொருள் அந்தப் பழைய எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதே ஆண்டு வந்த 1709 பதிப்பு முதல் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 இயல்பாக இருப்பதில்லை. பேக்கப்புக்காக அதைத் திரும்ப நிறுவ வேண்டாம். நாஸின் செட்டிங்ஸில் எஸ்எம்பி 2, எஸ்எம்பி 3 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை ஆன் செய்தால் போதும். இல்லாவிட்டால் மென்பொருளுக்கு வைத்த பணத்தை ஒரு புது நாஸுக்குச் செலவு செய்யுங்கள்.

இசட் டிரைவ் நாஸின் எந்த ஷேரைக் காட்டுகிறது என்பதையும் பாருங்கள். பேக்கப் இருக்கும் அதே ஷேரைக் காட்டுகிறது என்றால் அதைத் துண்டித்துவிடச் சொல்வேன். காரணம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உங்கள் பெயரில்தான் ஓடும். நீங்கள் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். மெயிலில் வந்த ஒரு போலி இன்வாய்ஸைக் கடைப் பையன் அவசரத்தில் திறந்தால், சி டிரைவோடு இசட் டிரைவில் இருக்கும் பேக்கப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பேக்கப் ஷேரில் காப்பாளர் மட்டுமே எழுத முடியும் என்று வைத்தால், அந்த வழி அடைபடும். கடையில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்களுக்குத் தனி ஷேர் ஒன்றை உருவாக்கி, அதற்கு இசட் எழுத்தைக் கொடுங்கள். அதையும் நாஸின் நிர்வாகி பாஸ்வேர்டில் இணைக்காதீர்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் நிர்வாகி பாஸ்வேர்டு சேமித்திருந்தால் அழித்துவிட்டு, உங்களுக்கென்று சாதாரண யூசர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல்களின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி நாஸில் இருந்தால் பேக்கப் ஷேருக்கு அதையும் ஆன் செய்யுங்கள்.

டேலி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் டேட்டா உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருப்பது நல்லது. மென்பொருள் விண்டோஸின் நிழல் பிரதி வசதியைப் பயன்படுத்தினால், திறந்திருக்கும் ஃபைலையும் அந்த நொடியில் இருந்தபடி எடுத்துக்கொள்ளும். டேட்டாவை என்றாவது வேறு கம்ப்யூட்டரின் ஷேருக்கு மாற்றினால், அந்த வசதி இங்கிருந்து அந்த ஷேர் மேல் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். டேட்டா எங்கே இருக்கிறதோ அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பேக்கப் எடுப்பதுதான் சரி. எப்படி இருந்தாலும் இரவு 11 மணிக்கு முன்னால் எல்லோரும் டேலியை மூடிவிட்டுப் போவதைப் பழக்கமாக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போங்கள். மறுநாள் காலையில் லாகைத் திறந்து பாருங்கள். லாகின் இல்லாமலே ஓடியிருந்தால் சர்வீஸ் தன் சொந்தப் பெயரில் நாஸுக்குப் போய்வந்துவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். பிறகு அந்த பேக்கப்பிலிருந்து டேலி கம்பெனி ஃபோல்டர் ஒன்றைத் தனி இடத்தில் ரீஸ்டோர் செய்து, டேலியில் திறந்து, முந்தைய நாளின் கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபோல்டரின் மேலேயே ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள்.

வவுச்சர் இருந்தால் யூஎஸ்பி டிஸ்க்கில் வாரம் ஒரு முறை பிரதி எடுத்து வீட்டில் வைக்கும் வேலையை மட்டும் தொடருங்கள், நாஸும் கம்ப்யூட்டரும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இல்லாவிட்டால் லாகில் வந்த எண், சர்வீசஸ் பட்டியலில் லாக் ஆன் ஆஸ் கட்டத்தில் இருப்பது, நாஸ் தன் லாகில் யார் பெயரில் வந்ததாகக் காட்டுகிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.